வாழைக்கன்று முதல் டாலி ஆடு வரை: குளோனிங் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளோனிங் என்றாலே ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. களக்காட்டுப் பக்கம் எந்த ஏத்தன் வாழைத் தோட்டத்தில் நின்றாலும் நம்மைச் சுற்றி நிற்பவை குளோன்களே. ஆண் பெண் சேர்க்கை இல்லாமல், ஓர் உயிரின் மரபணுத் தொகுப்பை அப்படியே வாங்கிக்கொண்டு வரும் இன்னோர் உயிர்தான் குளோன். நாம் தின்னும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை கிடையாது. தாய்வாழையின் கிழங்கிலிருந்து வரும் பக்கக்கன்றைத் தோண்டி நடுகிறோம். அது தாயின் உடம்பிலேயே ஒரு பங்கு. மல்லிகைப் பதியனும் முருங்கைப் போத்தும் அப்படித்தான்.

அடுத்தது, விதையில் வந்தால் குளோன் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவது. பெரும்பாலான பயிர்களுக்கு அது சரி. நெட்டைத் தென்னையில் நல்ல காய்ப்புள்ள மரமாகப் பார்த்து நெற்று எடுத்தாலும், மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பிள்ளை மரம் தாயைப் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பனையில் இன்னும் சிக்கல். அதற்கு உச்சியில் இருக்கும் குருத்து ஒன்றுதான். பக்கக்கன்று கிடையாது, வெட்டி நடக் கிளையும் இல்லை. கொட்டை போட்டுத்தான் வளர்க்க வேண்டும், ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். ஆனால் புளியங்குடி எலுமிச்சைக்கு இந்த விதி பொருந்தாது. ஒரே எலுமிச்சை விதையில் இரண்டு மூன்று முளைகள் வருவதை நாற்று விடுகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்று மகரந்தச் சேர்க்கையில் உண்டானதாக இருக்கலாம். மற்றவை விதைக்குள் இருக்கும் தாயின் திசுவிலிருந்தே கிளம்பியவை. அதாவது, விதையில் முளைத்த குளோன்கள். நாற்றங்காலில் ஒரே சீராக வளர்ந்தவற்றை வைத்துக்கொண்டு மாறுபட்டுத் தெரிபவற்றைக் கழித்துவிடுவதற்குக் காரணம் இதுதான். இயற்கை செய்யும் இந்த வேலையைப் பாடப்புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பெயர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் நிறைய நடக்கிறது. மாட்டுக்குச் சினை ஊசி போடுவது குளோனிங் அல்ல. பிறக்கும் கன்றுக்குக் காளையிடமிருந்து பாதி, பசுவிடமிருந்து பாதி மரபணு வருகிறது. கலப்பின விதையும் அப்படியே, இரண்டு பெற்றோரின் பிள்ளை. திசு வாழை என்றால் மரபணு மாற்றிய வாழை என்று பயப்படவும் வேண்டாம். குருத்துப் பகுதியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சத்துக் கூழில் வைத்துப் பெருக்குகிறார்கள், வெளி மரபணு எதையும் சேர்ப்பதில்லை. ஒட்டுமாவில் மேலே இருப்பது ஒரு மரத்தின் குளோன், கீழே வேர் இன்னொரு செடியுடையது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாமல் விட்டால் வேறு மாங்காய்தான் கிடைக்கும்.

விலங்கில் குளோனிங் செய்வது செடியைப் போல எளிதல்ல. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 6 வயது வெள்ளைமுகப் பெண் செம்மறி ஆட்டின் மடிச் செல்லை எடுத்தார்கள். கருமுக இன ஆட்டின் சினைமுட்டையிலிருந்து, மரபணுக்கள் இருக்கும் அதன் உட்கருவை நீக்கினார்கள். இரண்டையும் மின்துடிப்பால் இணைத்து, வளர்ந்த கருவை வேறொரு கருமுக ஆட்டின் வயிற்றில் வைத்தார்கள். இப்படி 277 முறை இணைத்ததில் 29 கருக்கள் தேறின. குட்டியாகப் பிறந்தது ஒன்றே ஒன்று. 1996 ஜூலை 5 அன்று பிறந்த அந்த வெள்ளைமுகக் குட்டிதான் டாலி. இதைச் சொல்லும்போது முட்டை கொடுத்த ஆட்டை டாலியின் மூலம் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். மூலம், மடிச் செல் கொடுத்த ஆடு. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் கொஞ்சம் டி.என்.ஏ. மட்டும் முட்டையின் வழியாக வந்தது.

குளோன் பிறக்கும்போதே வளர்ந்த உருவத்தோடு வரும் என்பது சினிமா தந்த எண்ணம். குட்டியாகத்தான் பிறக்கும். டாலி 2003 பிப்ரவரியில் இறந்ததை வைத்து, குளோன்களுக்கு ஆயுசு குறைவு என்று முடிவு கட்டினவர்கள் பலர். அதற்கு வந்தது ஆடுகளுக்கு வைரஸால் உண்டாகும் நுரையீரல் கட்டி. டாலி வந்த அதே செல் வரிசையிலிருந்து பிறந்த 4 ஆடுகள் உள்பட 13 குளோன் ஆடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவில், அவை நல்லபடியாகவே முதுமை அடைந்தது தெரிந்தது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கரிமா-2 என்ற குளோன் எருமை 2013-இல் கன்று ஈன்றது. குளோன்கள் மலடு என்று சொல்வோருக்கு இது போதும்.

அச்சு அசலாக இருக்கும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். மூலப்பூனைக்கு ஆரஞ்சுத் திட்டுகள் உண்டு, குட்டிக்கு இல்லை. பெண் பூனையின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிப்போகும். எது அடங்கியது என்பதைப் பொறுத்து நிறம் அமையும். செத்துப்போன செல்ல நாயைத் திரும்பப் பெறலாம் என்று பணம் கட்ட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: கிடைப்பது அதே நாய் அல்ல, பிந்திப் பிறந்த அதன் இரட்டைப்பிள்ளை. செடியிலும் மாற்றம் வரும். செவ்வாழைத் தோட்டத்தில் பச்சைத்தார் போடும் வாழை ஒன்றிரண்டு தலைகாட்டுவது உடற்செல்லில் நேர்ந்த மாற்றத்தால்.

விவசாயிக்கு மிகவும் நஷ்டம் தருவது கடைசித் தவறு: குளோன் என்றால் நோய் வராது என்று இருப்பது. ஒரே மரபணு என்றால் பலவீனமும் ஒன்றே. உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷல் வாழை பனாமா வாடல் பூஞ்சையால் 1950-களில் வாணிபத்தை விட்டே போனது. அதன் இடத்துக்கு வந்த காவெண்டிஷையும் இப்போது அந்தப் பூஞ்சையின் இன்னொரு வகை தாக்குகிறது. திசுக்கன்று சுத்தமாக வரும், ஆனால் பூஞ்சை பல வருஷம் மண்ணிலேயே கிடக்கும். நோய் வந்த வயலில் வைத்தால் அதுவும் வாடும். முடிக்கொத்து வைரஸோ பக்கக்கன்றோடு கூடவே வந்துவிடும். ஆகவே கன்றை மட்டும் பார்த்து வாங்காமல் தார் நிற்கும் காலத்தில் தாய்த்தோட்டத்துக்கே போய்ப் பாருங்கள். குருத்து கொத்தாக நெருங்கி நிற்கும் வாழை ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தத் தோட்டத்துக் கன்று வேண்டாம். நல்ல தோட்டத்திலும் அகல இலை விட்ட நீர்க்கன்றைத் தவிர்த்து, இலை ஒடுங்கிய ஈட்டிக்கன்றையே எடுங்கள்.