அறுவை சிகிச்சைச் சம்மதப் படிவத்தில் ‘எக்சிஷன்’ என்று இருந்தால்

இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் உங்களை மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே அறுவை சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை நீட்டும்போது, எதை எடுக்கப்போகிறார்கள், எவ்வளவு எடுக்கப்போகிறார்கள் என்பது விளங்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.

‘எக்சிஷன்’ என்றால் கட்டியையோ மச்சத்தையோ முழுவதுமாக, பெரும்பாலும் சுற்றியுள்ள நல்ல திசுவிலும் சிறிதளவு சேர்த்து, வெட்டி எடுப்பது. ‘இன்சிஷன்’ என்பது கீறல் மட்டுமே. அதனால் ‘இன்சிஷனல் பயாப்ஸி’ என்று இருந்தால் சோதனைக்காக ஒரு துண்டை மட்டும் எடுத்து மீதியை விட்டுவைப்பார்கள். பயாப்ஸி என்றாலே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். அது என்னவென்று அறிவதற்குத்தான் அந்தச் சோதனை. ‘ரிசெக்‌ஷன்’ என்பது பெரும்பாலும் குடல், கல்லீரல் போன்ற உறுப்பின் ஒரு பகுதியை நீக்குவதைக் குறிக்கும்.

‘எக்டமி’ என்று முடிந்தால் அகற்றுதல்: பித்தப்பையை எடுப்பது கோலிசிஸ்டெக்டமி, குடல்வாலை எடுப்பது அப்பெண்டிசெக்டமி. வயிற்றைத் திறக்கும் லாப்பராட்டமி ‘எக்டமி’ அல்ல; அதில் எதையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பெண்கள் மிகவும் கவனிக்க வேண்டியது கருப்பையை எடுக்கும் ஹிஸ்டரெக்டமி. ‘டோட்டல்’ என்று எழுதியிருந்தால் கருப்பையோடு கருப்பை வாயையும் எடுப்பார்கள். சினைப்பைகள் அதில் அடங்கா. அவற்றையும் எடுப்பதாயின் ‘ஊஃபொரெக்டமி’ என்ற சொல்லும் சேர்ந்து வரும். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிறுத்தம் உடனே வந்துவிடும் என்பதால், அந்த ஒரு சொல்லை மருத்துவரிடம் விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். ‘சப்டோட்டல்’ என்றால் கருப்பை வாய் அப்படியே இருக்கும். எனவே அதற்கான பரிசோதனைக்கு அழைப்பு வரும்போது தொடர்ந்து செல்ல வேண்டும்.

டாக்டர் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டுப் பழகிய நமக்குக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். இங்கே அது உங்கள் உரிமை. நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளையும் பிற சிகிச்சை வழிகளையும் மருத்துவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் மாண்ட்கோமரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்திட்ட பிறகும், சிகிச்சை தொடங்கும்முன் உங்கள் மனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

என்.எச்.எஸ். எனும் அரசுப் பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. சந்திப்புக் கடிதம் வந்தவுடனேயே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையைத் தயவுசெய்து அந்த வேலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தாயின் கருப்பையைப் பற்றிப் பத்து வயது மகன் மருத்துவரிடம் பேச நேர்வது இருவருக்கும் கொடுமை. தாய் கேட்க நினைத்த பாதிக் கேள்விகள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

எடுத்த திசு பொதுவாக ஆய்வுக்கூடத்துக்குப் போகும். ‘மார்ஜின் கிளியர்’ என்று அறிக்கை வந்தால், வெட்டிய விளிம்பில் நோயுற்ற திசு தென்படவில்லை என்று பொருள். முடிவு எப்போது, யார் வழியாக வரும் என்பதை வீடு திரும்பும்முன் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் வராவிட்டால் மருத்துவ நிபுணரின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.