டூன் பக்கி வாங்கியாச்சா? முதலில் எர்த் வயரைப் பாருங்கள்

போன நவம்பரில் பழைய டூன் பக்கி ஒன்று வாங்கினேன், மணல்மேடுகளில் ஓட்டுகிற சின்ன திறந்த வண்டி. மேலே ஃபைபர்கிளாஸ் பாடி, அடியில் 1969 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் சேஸிஸ் (இரும்பு அடிச்சட்டம்), பின்னால் 1600 சிசி ஏர்-கூல்டு எஞ்சின். சான் டியேகோவில் இருந்து கிளம்பினால் கிளாமிஸ் மணல்மேடுகளுக்கு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், அதற்காகவே வாங்கியது. வாங்கிய வாரமே பெரிய டயர், எல்இடி லைட் பார், இரட்டை கார்புரேட்டர் என்று ஒரு பட்டியல் போட்டேன். இப்போது ஐந்து மாதம் கழித்துச் சொல்கிறேன், அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் போட்டிருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் என்னைப் போல இரண்டு வார இறுதிகளை இழக்கக் கூடாது என்பதால் வேலையின் வரிசையை எழுதி வைக்கிறேன். ஜாக்கி வைப்பது, பேட்டரி கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெட்ரோல் ஹோஸ்

இது அரை மணி நேர வேலை, தள்ளிப்போடாதீர்கள். பழைய வண்டியில் துணி சுற்றிய ரப்பர் ஹோஸ் இருக்கும், எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் அது விரிசல் விட்டுக் கசியும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள், ஒவ்வொரு முனைக்கும் கிளாம்ப் போடுங்கள். எஞ்சினுக்கு மேலே அழகுக்காகக் கண்ணாடி ஃபில்டர் தொங்கினால் கழற்றிவிட்டு டாங்குக்குப் பக்கத்தில் ஃபில்டரை வையுங்கள். கசிந்தால் சூடான எஞ்சின் மேல் ஊற்றாத இடம் அதுதான்.

எர்த்

கிளாமிஸில் முதல் நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில் ஹெட்லைட் போட்டேன். இடது இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் அதோடு சேர்ந்து மங்கி மங்கி எரிகிறது. பிரேக்கை மிதித்தால் பின்னால் டெயில் லைட் அணைந்துபோகிறது. பின்னால் வருகிறவனுக்கு நான் இருப்பதே தெரியாது, மணல்மேட்டில் அது உயிருக்கு ஆபத்து. அன்றைக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் சுவிட்சை மாற்றினேன், பல்பு எல்லாவற்றையும் மாற்றினேன், ஃபியூஸ் பாக்ஸை மாற்றினேன். எதுவும் சரியாகவில்லை.

காரணம் பாடியில் இருக்கிறது. சாதாரண காரில் இரும்பு பாடியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை (எர்த் என்பது அதுதான்), அதனால் லைட்டுக்கு ஒரு வயர் வந்தால் போதும், மீதியைத் தகரம் பார்த்துக்கொள்ளும். இந்த வகைப் பக்கியை 1964-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் முதலில் செய்த புரூஸ் மேயர்ஸ் ஃபைபர்கிளாஸ் படகு கட்டிப் பழகியவர். முதல் சில வண்டிகளுக்குப் பிறகு பீட்டில் சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கி அதன்மேல் படகு மாதிரி ஒரு பாடியை உட்கார வைத்தார். எடை குறைந்ததால்தான் 1967-ல் லா பாஸில் இருந்து டிஹுவானா வரை மெக்சிகோவின் பாஹா தீபகற்பம் முழுவதையும் 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி முடிக்க மேயர்ஸாலும் அவரோடு போனவராலும் முடிந்தது. ஆனால் அந்த ஃபைபரில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக எர்த் வயர் இழுத்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பப் பார்க்கும், அதுதான் இண்டிகேட்டரோடு ஹெட்லைட் சேர்ந்து மின்னியது.

இனி செய்முறை. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பித்தளை பஸ் பார் (பல வயர்களை ஒரே இடத்தில் முடுக்கும் பட்டை) வையுங்கள், பத்து ஸ்க்ரூ உள்ளது போதும். முன்பக்க லைட், மீட்டர், ஹாரன் ஒவ்வொன்றில் இருந்தும் 14 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்) வயர் ஒன்றைத் தனித்தனியாக அந்தப் பாருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு லைட்டின் எர்த்தை இன்னொரு லைட்டில் முடிச்சுப் போடாதீர்கள், என் வண்டியில் முன்னால் வைத்திருந்தவர் செய்திருந்தது அதுதான். பாரில் இருந்து 8 கேஜ் வயர் ஒன்று சேஸிஸின் தரைத்தகட்டுக்குப் போக வேண்டும். பின்பக்க லைட்டுகளுக்கும் இதே மாதிரி எஞ்சின் பக்கம் ஒரு சின்ன பார்.

வயர் நிறத்தில் ஜாக்கிரதை. ஜெர்மன் வண்டியில் பழுப்பு நிறம்தான் எர்த். கறுப்பு வயரில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். கறுப்பு என்றால் நெகட்டிவ் என்ற பழக்கத்தில் அதைச் சேஸிஸில் முடுக்கினால் வயர் புகைந்துவிடும்.

என்னை விழவைத்த இடம் இனிமேல்தான். பாரில் இருந்து வந்த 8 கேஜ் வயரை டாஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே போகும் இரும்புக் குழாயில் முடுக்கினேன். கனமான இரும்பு, கண்ணுக்கு சேஸிஸின் ஒரு பகுதி மாதிரியே இருக்கிறது. மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட சைபர் காட்டியது. சரி என்று விட்டுவிட்டேன். லைட் போட்டால் பழைய கதையேதான். உண்மையில் அந்தக் குழாய் இரண்டு பக்கமும் ஃபைபரில்தான் முடுக்கப்பட்டிருந்தது. ஸ்பீடோமீட்டர் கேபிளின் இரும்பு உறை மட்டும்தான் அதை முன் சக்கரத்தோடு இணைத்துக்கொண்டிருந்தது. ஓம் பார்க்கும்போது மீட்டர் அனுப்புவது மிகச் சின்ன மின்சாரம், அதற்கு அந்த உறை போதும். இரண்டு ஹெட்லைட்டின் சுமையை அது தாங்காது. கேபிளைத் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் பிடிபட்டது.

அதனால் ஓம் பார்த்து நம்பாதீர்கள். லைட்டை எரியவிட்டுச் சோதியுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் சிவப்பு முனையை லைட்டின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல எர்த். எனக்கு முதலில் 3.6 காட்டியது, அதாவது ஹெட்லைட்டுக்குச் சேர வேண்டியதில் கால்பங்குக்கு மேல் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. வயரை எடுத்துத் தரைத்தகட்டில் வைத்த பிறகு 0.08. தகட்டில் வைக்கும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு, வெள்ளி மாதிரி பளபளக்கும் வரை தேயுங்கள், ஸ்டார் வாஷர் போட்டு முடுக்குங்கள், அப்புறம் மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் கடைசியில்தான்.

கியர்பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பின்னல் பட்டை ஒன்று இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதற்கு எர்த். அது இல்லாத வண்டியில் ஸ்டார்ட்டரின் மொத்த மின்சாரமும் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். அடிக்கடி கிளட்ச் கேபிள் அறுகிறது என்றால் கேபிளைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கருவியில் என் பிடிவாதம் ஒன்றுதான், வயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பிடிக்கவைக்கும் ராட்செட் கிரிம்பர் வாங்குங்கள். சால்டர் வைத்த இடம் விறைத்துப்போய் அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீல பிளாஸ்டிக் கிளிப்பைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

டயர், கொடி, பெல்ட்

ரிம் வாங்கும் முன் போல்ட்டை எண்ணுங்கள். அமெரிக்காவில் 1968 முதல் வந்த பீட்டிலில் சக்கரத்துக்கு நான்கு போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ. அதற்கு முந்தையதில் ஐந்து, 205 மி.மீ. பின் சக்கரத்துக்குத் துடுப்பு மாதிரி பட்டை வைத்த பேடில் டயர் மணலில் அற்புதமாக இழுக்கும், ஆனால் 1600 எஞ்சினுக்கு ரொம்ப அகலமானது வேண்டாம், கியர்பாக்ஸ் பாவம். என்னைக் கேட்டால் முதல் சீசனுக்கு இருக்கிற டயரிலேயே காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகுங்கள். நான் பின்னால் 8, முன்னால் 10 பிஎஸ்ஐ வைக்கிறேன். தார் ரோட்டுக்கு ஏறும் முன் திரும்ப அடிக்க சின்ன கம்ப்ரஸர் அவசியம்.

கிளாமிஸில் தரையில் இருந்து 8 அடி உயரத்துக்குக் கொடிக்கம்பு கட்டாயம். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி வருகிறவனுக்கு முதலில் தெரிவது உங்கள் கொடிதான், அதனால் கம்பின் அடியை ஃபைபரில் திருகாமல் ரோல் கேஜில் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூடு) பொருத்துங்கள். சீட் பெல்ட்டும் அப்படித்தான். ஃபைபரில் முடுக்கிய பெல்ட், உருண்டால் ஃபைபரோடு பிய்த்துக்கொண்டு வரும்.

எஞ்சின்

இதற்குப் பிறகுதான் எஞ்சினுக்கு வாருங்கள். பக்கியில் எஞ்சின் வெளியே தெரிவதால் சுற்றியிருக்கும் தகரங்களைக் கழற்றிவிட்டு குரோம் போட ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தகரங்கள்தான் ஃபேன் காற்றை சிலிண்டர்கள் மேல் செலுத்துகின்றன, சூடான காற்று திரும்ப உள்ளே போகாமல் தடுக்கின்றன. விட்டுப்போன தகரம் ஏதாவது இருந்தால் முதல் காசை அதற்குச் செலவழியுங்கள். வால்வ் இடைவெளியை எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது 0.006 அங்குலம் வையுங்கள். ஏர் ஃபில்டர் மேல் ஒரு ஃபோம் உறை போட்டு, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவுங்கள்.

பின்சேர்க்கை: எல்இடி இண்டிகேட்டர் போட்டதும் மின்னாமல் அப்படியே எரிகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு, இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய பிளாஷர் அதற்கு அசையாது. எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்குங்கள், மூன்று கால் உள்ளதாக இருந்தால் பெரும்பாலும் அதில் ஒன்று எர்த், குறியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அதையும் பஸ் பாருக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று: பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில் எல்லா பல்பையும் எல்இடி ஆக்கிய ஒரு நண்பருக்குப் பேட்டரி ஏறவில்லை. மீட்டரில் இருக்கும் சிவப்பு சார்ஜிங் பல்பு வழியாக வருகிற மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அந்த ஒரு பல்பை மட்டும் பழைய இழை பல்பாகவே விட்டுவிடுங்கள்.