விலைக்குறைப்பு விற்பனையை எவ்வளவு கூட்டியது? நிண்டெண்டோ 3டிஎஸ் எண்களைக் கொண்டு படிப்படியாகக் கணக்கிடும் முறை

ஒரு கேம் கன்சோலின் விலையைக் குறைத்தால் அது கூடுதலாக விற்கும் என்பதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை. எவ்வளவு கூடியது, அதில் விலைக்கு உரிய பங்கு எது, புதிய கேம்களுக்கும் பண்டிகைக் காலத்துக்கும் உரிய பங்கு எது என்று பிரித்துச் சொல்வதுதான் உண்மையான வேலை. அந்த வேலையை முதன்முறையாகச் செய்து பார்க்க விரும்புவோருக்காக இந்த விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எக்செல் போன்ற ஒரு விரிதாளும் பள்ளிக்கூடச் சதவீதக் கணக்கும் இதற்குப் போதும்.

படி 1: ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு விலை மாற்றம்

தொடக்கத்திலேயே பல கன்சோல்களை அருகருகே வைத்து ஒப்பிடத் தொடங்கினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்பது குழம்பிவிடும். ஆகவே, விலை திடீரெனவும் பெருமளவிலும் மாறிய ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். கையடக்கக் கன்சோல்களில் இதற்கு ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் 3டிஎஸ் மிகப் பொருத்தமானது. 2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் 25,000 யென்னுக்கும், மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கும் அது விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே விலை 15,000 யென்னாகவும் 169.99 டாலராகவும் இறக்கப்பட்டது. வெளிவந்து அரையாண்டு முடிவதற்குள் ஒரு கன்சோலின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைவது அரிது. விலையின் விளைவைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

படி 2: விலை அட்டவணை

விரிதாளில் நான்கு பத்திகள் அமையுங்கள்: நாடு, பழைய விலை, புதிய விலை, நடைமுறைக்கு வந்த நாள். 3டிஎஸ்-க்கு அமெரிக்க வரிசையில் 249.99, 169.99, ஆகஸ்ட் 12 என்றும், ஜப்பான் வரிசையில் 25,000, 15,000, ஆகஸ்ட் 11 என்றும் வரும். குறைப்பு அமெரிக்காவில் 32 சதவீதம், ஜப்பானில் 40 சதவீதம். ஐரோப்பாவில் சில்லறை விலையைக் கடைக்காரர்களே முடிவு செய்ததால், அங்கு நிண்டெண்டோ நிறுவனம், தான் கடைகளுக்கு விற்கும் விலையைத்தான் குறைத்தது. அந்த வரிசையை வெறுமையாக விடுவதே நேர்மையானது.

இத்துடன் ஐந்தாவது பத்தி ஒன்றும் வேண்டும்: அறிவிப்பு வெளியான நாள். 3டிஎஸ் விலைக்குறைப்பு ஜூலை 28 அன்றே அறிவிக்கப்பட்டுவிட்டது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட நாட்களில் வாங்க நினைத்தவர்கள் காத்திருப்பார்கள் என்பதால், அந்த இடைவெளியின் விற்பனை இயல்பைவிடக் குறைவாகவே இருக்கும். அதை அடிப்படையாக வைத்து ஒப்பிடுபவர் விலைக்குறைப்பின் பயனை மிகைப்படுத்திக் கணக்கிட்டுவிடுவார்.

பெட்டியின் மேல் அச்சிட்ட விலை மட்டுமே விலை அன்று என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சோனியின் கையடக்கக் கன்சோலான பிளேஸ்டேஷன் வீட்டா அமெரிக்காவில் 3டிஎஸ்-இன் தொடக்க விலையான அதே 249.99 டாலருக்குத்தான் வந்தது. ஆனால் அதற்கென்றே தயாரித்த மெமரி கார்டு தனியாக, அதுவும் சாதாரண கார்டுகளைவிடப் பல மடங்கு கூடுதல் விலையில் விற்கப்பட்டது. விளையாடத் தொடங்குவதற்கு ஒருவர் மொத்தமாக எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதையே அட்டவணையில் எழுதுங்கள்.

படி 3: விற்பனை எண்கள்

நிண்டெண்டோ ஒவ்வொரு காலாண்டிலும் தன் நிதி அறிக்கையில் கன்சோல் எண்ணிக்கையை வெளியிடுகிறது. அதன் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அறிக்கைகளில் உள்ளவை ஏப்ரல் முதல் சேர்ந்த மொத்தங்கள். எனவே ஒவ்வொரு காலாண்டின் தனி எண்ணைப் பெற முந்தைய மொத்தத்தைக் கழிக்க வேண்டும். 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 30.7 லட்சம், அதில் முதல் மூன்று மாதங்கள் 7.1 லட்சம் எனில், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான எண் 23.6 லட்சம். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் 3டிஎஸ்-க்குக் கிடைக்கும் வரிசை இது:

2011 ஜனவரி–மார்ச்: 36.1 லட்சம்
2011 ஏப்ரல்–ஜூன்: 7.1 லட்சம்
2011 ஜூலை–செப்டம்பர்: 23.6 லட்சம்
2011 அக்டோபர்–டிசம்பர்: ஏறத்தாழ 83 லட்சம்
2012 ஜனவரி–மார்ச்: ஏறத்தாழ 21 லட்சம்
2012 ஏப்ரல்–ஜூன்: 18.6 லட்சம்

இந்த எண்கள் வாடிக்கையாளர்கள் வாங்கியவை அல்ல. நிறுவனம் கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் அனுப்பியவை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மார்ச் முடிவதற்குள் 36.1 லட்சம் கருவிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அவை அலமாரியில் தேங்கியிருந்தால், அடுத்த காலாண்டில் கடைக்காரர் புதிதாக வாங்க மாட்டார். ஆகவே, 7.1 லட்சம் என்ற பரிதாபமான எண், மக்கள் வாங்காததையும் கடைகளில் சரக்கு தேங்கியதையும் சேர்த்தே காட்டுகிறது. மக்களின் தேவை அந்த அளவுக்கே விழுந்துவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. கடையில் நிகழ்ந்த விற்பனையைத் தனியாக அளக்கும் சந்தை ஆய்வு எண்கள் கிடைக்குமானால் அவற்றுக்கு இன்னொரு பத்தி ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்துவிடாதீர்கள்.

படி 4: ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு ஒப்பிடுதல்

அட்டவணையைப் பார்த்தவுடன், விலைக்குறைப்புக்கு முன் 7.1 லட்சம், பின் 83 லட்சம், எனவே விற்பனை பன்னிரண்டு மடங்கானது என்று எழுதத் தோன்றும். அது தவறு. அக்டோபர்–டிசம்பர் கிறிஸ்துமஸ் காலாண்டு. விலை மாறாத ஆண்டுகளிலும் கன்சோல்கள் மிக அதிகமாக விற்பது அப்போதுதான். எனவே 2011 ஏப்ரல்–ஜூனை 2012 ஏப்ரல்–ஜூனோடு மட்டுமே ஒப்பிடுங்கள். 7.1 லட்சம் 18.6 லட்சமாகியிருக்கிறது, அதாவது 2.6 மடங்கு. பன்னிரண்டு மடங்கு என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கருவி புதிதாக வந்த பரபரப்பெல்லாம் அடங்கியபின், அடுத்த ஆண்டின் அதே மாதங்களில் இரண்டரை மடங்குக்கு மேல் போவது பெரிய மாற்றமே.

படி 5: விலை நெகிழ்ச்சி

பொருளாதாரப் பாடநூல்களில் தேவையின் விலை நெகிழ்ச்சி என்று குறிப்பிடுவது, விலை ஒரு சதவீதம் மாறினால் விற்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதையே. பழைய எண்ணை அடிப்படையாக வைத்துச் சதவீதம் கண்டால், இங்கு அளவு 162 சதவீதம் கூடியதாகவும் அமெரிக்க விலை 32 சதவீதம் குறைந்ததாகவும் வந்து, நெகிழ்ச்சி 5 என்று கிடைக்கும். அடிப்படை எண் மிகச் சிறியதாக இருப்பதால் விளைந்த ஊதிப்பெருத்த விடை இது. இத்தகைய பெரிய மாற்றங்களுக்கு நடுப்புள்ளி முறையைப் பயன்படுத்துங்கள்: இரண்டு எண்களின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுக்க வேண்டும்.

அளவு: வேறுபாடு 11.5 லட்சம், சராசரி 12.85 லட்சம், எனவே மாற்றம் ஏறத்தாழ 89.5 சதவீதம்.
அமெரிக்க விலை: வேறுபாடு 80, சராசரி 209.99, மாற்றம் 38.1 சதவீதம்.
ஜப்பான் விலை: வேறுபாடு 10,000, சராசரி 20,000, மாற்றம் 50 சதவீதம்.

விற்பனை எண் உலகம் முழுவதற்குமானது. விலையோ நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எனவே ஒரே விடையைச் சொல்லாமல் இரு எல்லைகளைச் சொல்வது நல்லது: ஜப்பான் விலையை வைத்தால் 1.8, அமெரிக்க விலையை வைத்தால் 2.3. நெகிழ்ச்சி 1-ஐவிட மிகுந்தால் விலை குறைந்த பிறகும் மொத்த வருவாய் கூடும். 7.1 லட்சத்தை 250 டாலரால் பெருக்கினால் ஏறத்தாழ 17.8 கோடி டாலர், 18.6 லட்சத்தை 170 டாலரால் பெருக்கினால் ஏறத்தாழ 31.6 கோடி டாலர் என்று சரிபார்த்துக்கொள்ளலாம். கடைகளின் இலாபப் பங்கு கழிக்கப்படாத தோராயம் இது. திசையைக் காட்டுவதற்கு மட்டுமே பயன்படும்.

படி 6: கேம்களின் பங்கைப் பிரித்தல்

மேலே கிடைத்த நெகிழ்ச்சியை அப்படியே விலையின் கணக்கில் எழுத முடியாது. 2011 நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்டும் டிசம்பரில் மாரியோ கார்ட் 7-உம் வெளிவந்தன. 2012 வசந்தத்தில் 3டிஎஸ் வாங்கியவர்கள் குறைந்த விலைக்காக மட்டுமன்றி இவற்றுக்காகவும் வாங்கினார்கள். கன்சோல் என்பது தனித்துப் பயன்படும் பொருள் அன்று. அதில் ஓடும் கேம்களே அதற்கு மதிப்பைத் தருகின்றன. இந்தப் பங்கைப் பிரிக்க, விலை மாறியும் பெரிய கேம் வராத ஒரு காலத்தையும், கேம் வந்தும் விலை மாறாத ஒரு காலத்தையும் தேட வேண்டும்.

இதற்கு உதவுவது நிண்டெண்டோவின் வீட்டுக் கன்சோலான வீ யூ. 2012 நவம்பரில் வந்த அதன் உயர்ரக வகையின் விலை, அமெரிக்காவில் 2013 செப்டம்பர் 20 அன்று 349.99 டாலரிலிருந்து 299.99 டாலராக இறக்கப்பட்டது. அதன் பிறகு வந்த முதல் சாதாரணக் காலாண்டான 2014 ஜனவரி–மார்ச்சில் 3.1 லட்சம் கருவிகள் போயின. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில், பழைய விலையில், 3.9 லட்சம் போயிருந்தன. விலை குறைந்தும் விற்பனை குறைந்திருக்கிறது. அறிமுகப் பரபரப்பின் எச்சம் 2013 எண்ணில் கொஞ்சம் இருந்திருக்கும் என்று கழித்துக்கொண்டாலும், விலைக்குறைப்பால் வந்த உயர்வு என்று காட்ட இங்கே ஒன்றுமில்லை. அடுத்த காலாண்டில் அமெரிக்க விலை அதே 299.99 டாலராகத்தான் இருந்தது. ஆனால் மே மாதம் மாரியோ கார்ட் 8 வெளிவந்து, ஜூன் முடிவதற்குள் 28.2 லட்சம் பிரதிகள் விற்றது. கன்சோல் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் ஏப்ரல்–ஜூனில் இருந்த 1.6 லட்சத்திலிருந்து 5.1 லட்சமாக உயர்ந்தது.

மீண்டும் 3டிஎஸ்-க்கு வாருங்கள். 2011 ஜூலை–செப்டம்பரில் புதிய மாரியோ எதுவும் இல்லை. விலைக்குறைப்பு மட்டும் அந்தக் காலாண்டின் பாதியில் வந்தது. அப்போதே எண்ணிக்கை 7.1 லட்சத்திலிருந்து 23.6 லட்சமாயிற்று. கடைகள் மீண்டும் சரக்கு நிரப்பியதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இங்கு விலை தானாகவே வேலை செய்திருக்கிறது என்பது என் கணிப்பு. இரு கருவிகளுக்கும் ஏன் இந்த வேறுபாடு? ஒன்று, குறைப்பின் அளவு: 32 சதவீதமும் 14 சதவீதமும் வாங்குபவர் மனத்தில் ஒரே எடையைப் பெறுவதில்லை. மற்றொன்று, கருவியின் இயல்பு. கையடக்கக் கன்சோல் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு என்று வாங்கப்படுகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு தேவைப்படும், ஆகவே விலை இருமுறை தாக்குகிறது. வீட்டுக் கன்சோலோ தொலைக்காட்சிக்கு ஒன்று போதும். கையடக்கக் கருவியின் விற்பனையில் விலையின் பிடி இறுக்கமாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

படி 7: குறைப்பின் செலவை யார் ஏற்றார்கள்?

விற்பனை கூடியதை மட்டும் எழுதி நிறுத்தினால் கணக்கு பாதிதான். புதிய விலையில் ஒவ்வொரு 3டிஎஸ்-உம் தயாரிப்புச் செலவுக்கும் கீழே விற்கப்பட்டது. 2012-இன் நடுப்பகுதியில்தான் அந்த நிலை மாறியது. அப்போதைய தலைவர் சடோரு இவாடா தம் ஊதியத்தில் 50 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். பழைய விலையில் வாங்கியவர்களுக்கு இருபது பழைய கேம்கள் இலவசமாக வழங்கப்பட்டன. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் 43.2 பில்லியன் யென், அதாவது 4,320 கோடி யென் நிகர இழப்பைக் காட்டியது. யென்னின் மதிப்பு உயர்ந்ததும் அதற்கு ஒரு பெரிய காரணம். இந்த இழப்பை ஏற்பதற்குப் பின்னால் உள்ள தர்க்கம், கருவியை வாங்கியவர் பல ஆண்டுகளுக்குக் கேம்களை வாங்குவார் என்பதே. கடைசியில் 3டிஎஸ் குடும்பம் 7.5 கோடிக்கு மேல் விற்றது.

படி 8: வெவ்வேறு ஆண்டுகளின் விலைகளை ஒப்பிடும்போது

பணவீக்கத்தைச் சரிசெய்யாமல் தலைமுறைகளை ஒப்பிடாதீர்கள். 2006-இல் 599 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 3, 2025-இன் டாலர் மதிப்பில் 900-ஐத் தாண்டும். 3டிஎஸ்-இன் 249.99 டாலர் அதே மதிப்பில் ஏறத்தாழ 355 முதல் 360 வரை வரும். 2025 ஜூனில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வந்த விலை 449.99 டாலர். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணில் புதியதைப் பழையதால் வகுத்து, கிடைத்ததைப் பழைய விலையோடு பெருக்கினால் போதும்.

நீங்களே செய்து பார்க்க

வீட்டுக் கன்சோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 நவம்பரில் கினெக்ட் கேமராவோடு சேர்த்து 499 டாலருக்கு வந்தது; போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399. 2014 ஜூன் 9 அன்று கினெக்ட் இல்லாத வகை 399 டாலருக்கு வந்தது. அமெரிக்காவில் ஜூன் விற்பனை மே மாதத்தைவிட இரு மடங்குக்கு மேல் ஆனது என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. இந்த மாற்றம் அறிவிக்கப்பட்ட நாள் மே 13 என்பதை உங்கள் ஐந்தாவது பத்தியில் எழுதி, மே மாத எண்ணை அடிப்படையாகக் கொள்ளலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு, பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டுக் குறைத்த விலையை, 3டிஎஸ்-இல் நடந்ததுபோல அதே பொருளுக்கான விலைக்குறைப்பாகக் கருதலாமா என்பதற்கு விடை தேடுங்கள்.