தோண்டிப் போட்ட மண்ணில் ஆவாரை வளர்க்கும் முறை

கடைக்கால் எடுத்தபோது கொட்டிய செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டில் எதுவும் பிடிக்கவில்லை என்று வருந்துபவர்கள் ஆவாரையை விதைத்துப் பார்க்கலாம். சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை சாலையோரக் கரடுகளில் யாரும் நடாமலே மஞ்சளாகப் பூத்து நிற்பது இச்செடிதான். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டின் குளிருக்கும் ஈரத்துக்கும் இதைக் கொண்டுசெல்ல வேண்டாம். வெயில் காயும் சமவெளியே இதற்கு உகந்தது.

முதலில் விதை. தட்டையான காய்கள் பழுப்பேறிக் காகிதம்போல் சலசலக்கும்போது பறித்து, விதைகளை உதிர்த்து, வண்டு துளைத்தவற்றை நீக்கிவிட வேண்டும்.

அடுத்தது முளைக்க வைப்பது. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். விதையின் தோல் நீர் புகாத அளவுக்குக் கெட்டியானது என்பதால், அப்படியே விதைத்தால் மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைகளின்மேல் ஊற்றி, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் சில விதைகள் இருமடங்காக உப்பி, வழவழப்பாக இருக்கும். அவற்றை உடனே விதைக்கலாம். உப்பாதவற்றின் ஓரத்தை நகவெட்டியால் இலேசாகக் கீறி, மீண்டும் ஊறவையுங்கள்.

ஆடியிலிருந்து ஐப்பசிக்குள், மழை பெய்து மண் நனைந்ததும், அரை அங்குல ஆழத்தில் குழிக்கு 3 விதைகளாக, 4 அடி இடைவெளியில் நேரடியாக ஊன்றவும். நான் முதன்முறை தொழுவுரம் நிறைத்த பைகளில் வளர்த்தேன். ஆணிவேர் அடியில் சுருண்டுகொண்டது, இடம் மாற்றியதும் பாதிச் செடிகள் போயின. உரம் தேவையே இல்லை. முதல் மாதம் மழை இல்லையென்றால் 3 நாளுக்கு ஒருமுறை நீர் விட்டால் போதும், தேங்கினால் அழுகும்.

இலைகளைத் தின்னும் பச்சைப் புழுக்கள் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாக மாறுபவை. மருந்து அடிக்காதீர்கள், செடி மீண்டும் துளிர்க்கும். இப்பூவில் தேன் கிடையாது. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிரும்போது, மகரந்தப்பையின் நுனித் துளை வழியே தூள் கொட்டுவதை அருகில் நின்றால் காணலாம்.

கவாத்துக்குத் தனி நாள் வேண்டியதில்லை. பொங்கல் காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்க்கக் கொத்து ஒடிக்கும்போதே, நீண்ட கிளைகளைப் பாதியளவுக்கு வெட்டிவிடுங்கள். சில காய்களை மட்டும் அடுத்த விதைப்புக்கு விட்டுவையுங்கள்.