கோல்ஃப் பந்தயத்துக்கு ஆள் பார்ப்பது எப்படி?

களனிவெளி ரயில், பொரளைப் பக்கம் ரோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்துக்குள்ளாலேயே போகும். அந்த ரயிலில் வேலைக்குப் போய்வரும் எனக்கு, கோல்ஃப் என்றால் யன்னலுக்கு வெளியே தெரியும் புல்தரை மட்டுந்தான். அப்புறம் அலுவலகத்து நண்பன் ஒருவன் மாஸ்டர்ஸ் என்ற கோல்ஃப் போட்டிக்குப் பந்தயம் கட்டப் பழக்கிவிட்டான். பார், பேர்டி எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: மைதானத்தைப் பாருங்கள்

கோல்ஃபின் நான்கு மேஜர் (ஆகப் பெரிய) போட்டிகளில் மாஸ்டர்ஸ் மட்டுமே ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில், அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கிறது. அதனால் அங்கே பழைய அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. முதல் தடவை ஆட வந்து வென்றவர் என்று பார்த்தால், 1979இல் ஃபஸி ஸோல்லருக்குப் பிறகு யாரும் இல்லை. புதுமுகங்களை நான் யோசிக்காமலே வெட்டிவிடுவேன்.

இன்னொரு மேஜரான, பிரிட்டனில் நடக்கும் ஓப்பன் வேறு விதம். மைதானம் மாறும், கடற்காற்று அடிக்கும். வியாழன் காலையில் தொடங்குபவர் வெள்ளி பிற்பகல் ஆடுவார், மற்றப் பாதிக்கு அது தலைகீழ். ஒரு பாதி புயலில் மாட்டினால் அதிலுள்ள நல்ல ஆட்டக்காரரும் அம்போதான். ஆகவே ஆரம்ப நேரங்கள் வரும்வரை காசு கட்டாதீர்கள். காற்றுக்கு நான் பார்ப்பது விண்டி செயலி.

படி 2: புட்டிங்கில் மயங்காதீர்கள்

பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) இணையத்தளத்தில் ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்’ கணக்கு இலவசமாகவே கிடைக்கும். ஒருவர் மற்றவர்களைவிட எங்கே எத்தனை ஷாட் மிச்சம் பிடித்தார் என்று அது சொல்லும். நான் முதலில் பார்ப்பது அப்ரோச், அதாவது கிரீனை (குழி இருக்கும் குட்டைப் புல்தரையை) நோக்கி அடிக்கும் அடி. அது ஓரளவு நிலையாக இருக்கும். புட்டிங், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் தட்டுவது, வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் மற்ற எல்லாம் பிரமாதமாக அடித்தும் புட்டிங்கில் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில் புட்டரை (புட்டிங் மட்டையை) மாற்றினார், ஏப்ரலில் மாஸ்டர்ஸ் வென்றார். எண்களைச் சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதுகிறேன். காசு வாங்கிக்கொண்டு ‘டிப்ஸ்’ தருபவர்கள் பக்கம் போகவே மாட்டேன்.

படி 3: ஈச்-வே (நான் விழுந்த குழி)

நூற்றைம்பது பேர் ஆடும் போட்டியில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்வது கஷ்டம். அதனால் ஈச்-வே கட்டினேன்: பாதிக் காசு வெற்றிக்கு, பாதி முதல் ஐந்து இடங்களுக்கு. விலை 40/1 (ஒரு ரூபாவுக்கு 40 ரூபா லாபம்), இடத்துக்கு அதில் கால்வாசி, அதாவது 10/1. மொத்தம் 1000 ரூபா.

ஞாயிறு இரவு தூங்காமல் பார்த்தேன். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் மாலை ஏழு மணி என்றால் நமக்குத் திங்கள் அதிகாலை நாலரை. என் ஆள் ஐந்தாமிடம்! 5500 ரூபா வரும் என்று கணக்குப் போட்டு, வெள்ளவத்தையில் எல்லோருக்கும் கொத்து வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டேன். வந்தது 1375.

ஏமாற்று இல்லை. ஐந்தாமிடத்தில் நாலு பேர் சமமாக நின்றார்கள், இடம் ஒன்றுதான். ‘டெட் ஹீட்’ (சமநிலை) விதிப்படி இடத்துக்குக் கட்டிய 500 நாலாகப் பிரிந்து 125 ஆகிவிடும். 125க்குப் பத்து மடங்கு 1250, கூடவே அந்த 125. வெற்றிக்குக் கட்டிய 500 போயே போச்சு. கோல்ஃபில் சமநிலை சர்வசாதாரணம். முதலிடத்துக்கு மட்டுந்தான் பிளேஆஃப் (கூடுதல் ஆட்டம்) வைத்துத் தீர்ப்பார்கள். ஆகவே கட்டுமுன் எத்தனை இடம், எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். ஐந்து இடத்துக்குக் கால்வாசியைவிட எட்டு இடத்துக்கு ஐந்தில் ஒன்று எனக்குப் பிடிக்கும்.

பின்சேர்க்கை: ‘டாப் 10’ (முதல் பத்துக்குள் வருவார் என்ற) பந்தயத்திலும் இப்படியா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆம், அங்கும் பொதுவாகப் பிரிப்பார்கள். இன்னொருவருடைய ஆள் முதல் நாளே முதுகுவலி என்று பாதியில் விலகிவிட்டாராம். தொடங்குமுன் விலகினால் பொதுவாகக் காசு திரும்பும். ஒரு பந்து அடித்துவிட்டாலும் திரும்பாது.