வேலூர்க்காரர்களுக்கு ஓர் ஆர்வி யோசனை: ஓட்டுவதைக் குறையுங்கள், ஒரே இடத்தில் இருங்கள்

பங்குனி முடிந்து வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் எங்கள் காட்பாடிப் பக்கம் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அமெரிக்கப் பெட்டி கட்டுவார்கள். பையனோ பெண்ணோ கலிபோர்னியாவில் இருப்பார்கள், "இந்தத் தடவை ஆர்வி எடுத்துச் சுத்தலாம்ப்பா" என்பார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரு வாரத்தில் ஏழு ஊர் என்று திட்டம் போட்டுக் காட்டினால் அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்வி என்பது அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளே இருக்கிற வண்டி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, கரண்ட் வயரைச் சுருட்டி, கழிவுக் குழாயை அலசி, உருளக்கூடிய பாத்திரத்தையெல்லாம் அலமாரியில் அடைத்து, போன இடத்தில் மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அறுபது வயதுக்கு மேல் இதைத் தினமும் செய்தால் இடுப்புதான் போகும். பத்து நாளோ ஒரு மாதமோ ஒரே இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு இருந்தால்தான் இதில் சுகமே இருக்கிறது.

அதற்கு நான் சொல்லும் ஊர் கிரசென்ட் சிட்டி. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 560 கிலோமீட்டர், ஓரிகன் மாநில எல்லைக்குக் கொஞ்சம் முன்னால். பேரில்தான் சிட்டி, ஆள் தொகையைப் பார்த்தால் நம் ஊர்ப் பேரூராட்சி அளவுதான். ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் சில மைலில் ரெட்வுட் என்ற வானுயர மரங்களின் காடு. ஜூலையிலும் பகலில் 18, 19 டிகிரியைத் தாண்டாது, காலையில் மூடுபனி இறங்கிவிடும். வானம் தெளிவாக வேண்டுமென்றால் செப்டம்பரில் போங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும்.

போகிற வழியில் ஒன்றே ஒன்று. கடலை ஒட்டிப் போகிற 1-ஆம் எண் சாலை படத்தில் அழகாக இருக்கும், பெரிய வண்டிக்கு அது ஆகாது, வளைவுகள் உயிரை எடுக்கும். 101-லேயே போங்கள். கிரசென்ட் சிட்டிக்குத் தெற்கே லாஸ்ட் சான்ஸ் கிரேட் என்ற இடத்தில் மலை சரிந்துகொண்டே இருப்பதால் அடிக்கடி வேலை நடக்கும், ஒரே தடத்தில் மாற்றி மாற்றி விடுவார்கள், காத்திருக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். வாடகை ஆர்விக்கு மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடுகிறவர்கள் உண்டு. ஒரே இடத்தில் இருக்கப் போகிறவர்களுக்கு, வண்டிச் சொந்தக்காரரே கொண்டுவந்து நிறுத்தி எல்லாம் மாட்டித் தருகிற ஏற்பாடு இன்னும் நல்லது. பிள்ளைகள் தங்கள் காரில் பின்னால் வந்துவிடலாம். அந்தக் கார் கட்டாயம் வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நிறுத்த இடம் இரண்டு விதம். ஊருக்குள் இருக்கும் தனியார் ஆர்வி பார்க்கில் தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் உங்கள் இடத்துக்கே வரும், வார வாடகை, மாத வாடகை என்று கேட்டால் தினக் கணக்கைவிடக் குறையும். மாதக் கணக்கில் கரண்ட்டுக்குத் தனி மீட்டர் வைப்பார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று ஜெடிடையா ஸ்மித் மாநிலப் பூங்கா முகாம். மரங்களுக்கு நடுவிலேயே படுக்கலாம், ஆனால் இடத்தில் கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, மோட்டார் வண்டி 25 அடிக்குள் இருக்க வேண்டும், மர நிழலில் சோலார் பலகையும் வேலை செய்யாது. கரடி வரும் இடம் என்பதால் ஒரு வாழைப்பழத் தோலைக்கூட வெளியில் விடக்கூடாது. அங்கே இரண்டு ராத்திரி, பாக்கி எல்லாம் ஊருக்குள் என்று வைத்துக்கொள்வது வயதானவர்களுக்குத் தோது.

இனி வண்டிக்குள் குடித்தனம். அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மிக்ஸியை எடுத்துப்போய் மாட்டினால் தேங்காய் சுற்றிக்கொண்டே இருக்கும், அரையாது. சின்ன வண்டிகளில் 30 ஆம்ப் இணைப்புதான் இருக்கும், அதாவது மொத்தமே 3600 வாட். 1500 வாட் ஹீட்டர் ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டு, கூடவே மைக்ரோவேவில் பால் வைத்தால் டப்பென்று பிரேக்கர் விழுந்துவிடும். "மாமா, ஹீட்டரை நிறுத்திட்டு மைக்ரோவேவ் போடுங்க" என்று மருமகள் சொல்வது கஞ்சத்தனத்தில் இல்லை. குளிருக்கு வண்டியின் கேஸ் ஃபர்னஸ், சமையலுக்குக் கேஸ் அடுப்பு என்று பிரித்துக்கொண்டால் தொல்லை இல்லை.

தாளிப்புதான் பெரிய பிரச்சினை. கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த அடுத்த நிமிடம் புகை அலாரம் கத்தும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்று வாங்கி, வெளியில் இருக்கும் மேசையில் வைத்துத் தாளியுங்கள். அந்தக் குளிரில் இட்லி மாவு தானாகப் பொங்காது. மைக்ரோவேவை ஓட்டாமல், அதற்குள் ஒரு சொம்பு வெந்நீரோடு மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்தி, படுக்கும் முன் வெந்நீரை ஒருமுறை மாற்றுங்கள், காலையில் எழும்பியிருக்கும்.

கழிவு விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசிவிடலாம். கக்கூஸ் தண்ணீர் பிளாக் டேங்கில் சேரும், குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் கிரே டேங்கில் சேரும். குழாய்தான் மாட்டியிருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்துவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது அடியில் தங்கிக் காய்ந்து மலைபோல நிற்கும், அப்புறம் அதை எடுக்க ஆள் கூப்பிட வேண்டிவரும். மூடியே வைத்து, முக்கால் வாசி நிறைந்ததும் திறந்து விடுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போய்விடும். நம் வழக்கப்படி மக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது டேங்குக்கு நல்லதே, நிறையத் தண்ணீர் போனால்தான் அடைக்காது. ஆனால் குழாய் இல்லாத காட்டு முகாமில் அதே பழக்கம் டேங்கைச் சீக்கிரம் நிரப்பிவிடும், அங்கே பொதுக் கழிப்பறைக்கு நடந்துவிடுங்கள்.

பொழுது எப்படிப் போகும் என்று கேட்பார்கள். காலை எட்டு மணிக்கு வேலூரில் இரவு எட்டரை, வீட்டுக்குப் பேச அதுதான் நேரம். பனி விலகியதும் துறைமுகம் வரை ஒரு நடை. பேட்டரி பாயிண்ட் கலங்கரை விளக்கம் 1856-இல் கட்டியது, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் பாறை மேல் நடந்து போகலாம். கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்க்காமல் போனால் தண்ணீர் ஏறியதும் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்வீர்கள். மணலில் நடக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு பெரிய அலை மேலே வரை வந்து ஆளை இழுத்துவிடும். தண்ணீரும் ஐஸ் மாதிரி, மெரினாவில் போல் கால் நனைத்து நிற்க முடியாது.

காட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். முட்டிவலி உள்ளவர்களுக்கு 199 நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கும் சிம்ப்சன் ரீட் தோப்பு. சமதரை, சின்னச் சுற்று. ஸ்டவுட் தோப்பு அதைவிடப் பிரமாதம், ஆனால் அதற்குப் போகிற ஹவ்லண்ட் ஹில் சாலை குறுகலான மண் சாலை, ஆர்வி எடுத்துப் போகக்கூடாது. கார் வேண்டும் என்றது இதற்குத்தான். மரங்கள் 300 அடியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், திருவண்ணாமலை ராஜகோபுரமே 217 அடிதான். இவ்வளவு உயரத்துக்கும் வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில் பரவி அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கிறது. கோடையில் மழை இல்லாதபோது மூடுபனி இலையில் படிந்து சொட்டுகிறது, அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மரம் தாக்குப்பிடிக்கிறது. நடுவில் நின்றால் உங்கள் மேலும் சொட்டும், புடவையோ வேட்டியோ தரை ஈரத்தில் நனைந்துவிடும், பேண்ட்டும் ஷூவும் போடுங்கள். உலகத்திலேயே உயரமான ஹைபீரியன் மரம் தெற்கே ரெட்வுட் தேசியப் பூங்காவில் இருக்கிறது, தேடிப் போகாதீர்கள். கூட்டம் மிதித்து வேர்ப்பகுதி கெட்டுப்போனதால் 2022-இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள், போனால் அபராதம், ஜெயில்கூட உண்டு.

சுனாமியை மறக்க வேண்டாம். 1964-இல் அலாஸ்கா பூகம்பத்தில் கிளம்பிய அலை இந்த ஊரில் 11 பேரைக் கொன்றது, 2011-இல் ஜப்பான் சுனாமி துறைமுகத்தை உடைத்தது. கடலோர ஆர்வி பார்க்குகள் பெரும்பாலும் தாழ்வான இடத்தில்தான் இருக்கும். போன அன்றைக்கே மேட்டுக்குப் போகும் பாதைப் பலகை எங்கே என்று பார்த்து ஒருமுறை நடந்து வந்துவிடுங்கள். தரை நீண்ட நேரம் குலுங்கினால் சைரனுக்குக் காத்திருக்காமல், வண்டியைக் கிளப்பப் பார்க்காமல், நடந்தே மேலே போங்கள்.

மூட்டை கட்டும்போது: கறிவேப்பிலைக் கட்டு வேண்டாம், அரிசி வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொண்டு, உணவு இருக்கிறது என்று சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். பருப்பு, புழுங்கல் அரிசி எல்லாம் சான்பிரான்சிஸ்கோ பக்கம் இந்தியக் கடைகள் உள்ள சன்னிவேலிலோ ஃபிரீமாண்டிலோ வாங்கி ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், கிரசென்ட் சிட்டியில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மாத்திரைச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும், வருகையாளர் மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். மாநிலப் பூங்கா முகாமுக்கு ஆறு மாதம் முன்னால் முன்பதிவு திறக்கும், கோடை நாட்கள் மளமளவென்று தீர்ந்துவிடும், அதனால் செப்டம்பருக்குப் போகிறவர்கள் மார்ச்சிலேயே பிள்ளைகளைப் பதிவு செய்யச் சொல்லிவிடுங்கள்.