பிரிண்டர் பாகம் வாங்கப் போகும் தம்பிமாருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் வெள்ளவத்தையில் உள்ள, பிரிண்டர் திருத்தும் என் வேலைத்தளத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். தொழிலுக்கு வந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றனவாம். கையில் கருகிய மணத்தோடு ஒரு ஃபியூசர், அதாவது லேசர் பிரிண்டரில் டோனர் என்ற மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்ட வைக்கும் பாகம். "அண்ணன், இது புதுசு. போட்டு ஒரு நிமிடம்கூட ஓடவில்லை" என்றார். பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது, ஏனென்றால் அதே பள்ளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நானும் விழுந்தவன், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து.

பிளக்கைக் கழற்றாமல் கைவைப்பது, கொட்டிய டோனரை வாயால் ஊதுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். பாகத்தைத் தெரிவு செய்யும்போதும் வாங்கும்போதும் காசு கரையும் இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மெசினின் பெயரைச் சொல்லிப் பாகம் கேட்பது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கடை வாசலில் நின்றுகொண்டு "கெஸ்டெட்னர் மெசினுக்கு ஒரு ரோலர்" என்று கேட்டால், கடைக்காரர் இல்லை என்பார், அல்லது ஏதோ ஒன்றை எடுத்துத் தருவார். அது அவருடைய பிழையன்று. மெசினின் நெற்றியில் எழுதியிருப்பது விற்பனைக்காக இட்ட பெயர். ரிக்கோ தயாரித்த ஒரே மெசின் கெஸ்டெட்னர், லேனியர், சேவின் என்ற பெயர்களிலும் விற்கப்பட்டிருக்கிறது. எச்.பி. லேசர்ஜெட்களில் பெரும்பாலானவற்றின் உட்பொறி கேனனுடையது. ஆகவே கழற்றிய பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை, அது அழிந்திருந்தால் சேவைக் கையேட்டில் உள்ள எண்ணை, எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேனன் ஒரே டோனர் காட்ரிட்ஜை அமெரிக்காவில் 128 என்றும் ஆசியாவில் 328 என்றும் ஐரோப்பாவில் 728 என்றும் விற்றது. எண் வேறானாலும் பொருள் ஒன்றுதான். மாறாக, எச்.பி. 05ஏ, 05எக்ஸ் ஆகிய இரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும், பி2055 மெசின் இரண்டையும் ஏற்கும், பி2035 மெசின் 05ஏ காட்ரிட்ஜை மட்டுமே ஏற்கும்.

ஃபியூசரின் வோல்ட்டைப் பாராமல் வாங்குவது

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

தாளில் படிந்த டோனர் தூளை உருக்கி ஒட்ட வைப்பது ஃபியூசரின் வேலை. அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஏறத்தாழ நேரடியாகவே வாங்குகிறது. மெசினின் மற்றப் பாகங்களில் பெரும்பாலானவை பவர் சப்ளை குறைத்துக் கொடுக்கும் 24 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஓடுவதால், அவை எந்த நாட்டுக்கென்று செய்யப்பட்டிருந்தாலும் கவலையில்லை. ஃபியூசர் அப்படியன்று. அதனால்தான் ஒரே மாடலுக்கு 110 வோல்ட்டுக்கு ஒன்று, 220 வோல்ட்டுக்கு ஒன்று என இரண்டு ஃபியூசர்கள் வருகின்றன. எச்.பி. லேசர்ஜெட் 4250 மெசினை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியூசர் அடங்கிய அதன் பராமரிப்பு கிட் 110 வோல்ட்டுக்கு கியூ5421ஏ, 220 வோல்ட்டுக்கு கியூ5422ஏ. வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம்.

அந்த இளைஞர் கொண்டுவந்த பெட்டியில் 5421 என்று இருந்தது. இலங்கையில் சுவரில் வருவது 230 வோல்ட். ஹீட்டரின் தடை மாறாதிருக்க, வோல்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 110க்கு 230 என்றால் நான்கையும் தாண்டும். பீங்கான் ஹீட்டர் வெடித்திருந்தது. வெப்ப உருகியும் போயிருந்தது. நல்ல வேளையாக மெசினின் பவர் சப்ளை போர்டில் ஹீட்டரை இயக்கும் டிரையாக் தப்பியது. சில சமயம் அதுவும் சேர்ந்து போகும். "கடையில் 4250க்குப் பொருந்தும் என்றுதானே சொன்னார்கள்?" என்று அவர் கேட்டார். பொருந்தியதென்னவோ உண்மைதான். கிளிப் மாட்டியது, கனெக்டர் ஏறியது. பொருந்தாமல் இருந்திருந்தால் அவருடைய காசு தப்பியிருக்கும்.

இனி என் கதை. புதுக்கடைப் பக்கம் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இதே 4250 நின்றது. அச்சிட்ட எழுத்து விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. எனக்கு அப்போது 110, 220 வித்தியாசம் நன்றாகவே தெரியும், தெரிந்தது என்ற பெருமிதமும் இருந்தது. இலங்கைக்கு 220தானே என்று கியூ5422ஏ கிட்டைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்துப் பூட்டினேன். மெசின் சூடாக முயன்று, 50 என்று தொடங்கும் ஃபியூசர் பிழையைக் காட்டி நின்றுவிட்டது. கிட் பழுது என்று விற்றவரோடு சண்டை பிடித்து, அவர் மறுக்க, என் காசில் இரண்டாவது கிட்டும் வாங்கினேன். மறுபடியும் அதே பிழை. மூன்றாம் நாள், வயர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகக் கோப்பு அலுமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் தூசு படிந்த ஒரு கனத்த இரும்புப் பெட்டி ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது: 230ஐ 110 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர். மெசின் கனடாவிலிருந்து மைத்துனர் கப்பலில் அனுப்பியதாம். "நீங்கள் கேட்கவில்லையே, தம்பி" என்றார் சட்டத்தரணி ஐயா. அவர் சொன்னது சரிதான். 220 வோல்ட் ஹீட்டருக்கு 110 கொடுத்தால் கால்வாசி வெப்பம்தான் வரும். மெசின் பிழை காட்டாமல் வேறென்ன செய்யும்? நாட்டுக்குச் சரியான பாகத்தை, மெசினுக்குப் பிழையாக இரண்டு தடவை வாங்கியிருந்தேன்.

கொழும்பில் இது அபூர்வமன்று. வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை, ரீகண்டிஷன் என்று இறக்கப்பட்டவை, ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட போட்டோ கொப்பி மெசின்கள் எனப் பலவும் அலுவலகங்களில் கலந்து நிற்கின்றன. ஆகவே முதலில் குனிந்து, மெசினின் பின்புறத்தில் உள்ள தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். பிறகு வயரைச் சுவர் வரை கையால் தொடருங்கள். மூன்றாவதாகப் பழைய ஃபியூசரின் ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஓடர் கொடுங்கள். ஒட்டுச்சீட்டு இல்லாத ஃபியூசரை விற்க வந்தால், பீங்கான் ஹீட்டர் உள்ள வகையாயின் மல்டிமீட்டரால் தடையை அளக்கலாம்: 800 வாட் ஹீட்டர் 220 வோல்ட்டுக்கானதென்றால் ஏறத்தாழ 60 ஓம், 110 வோல்ட்டுக்கானதென்றால் ஏறத்தாழ 15 ஓம் காட்டும். ஹாலஜன் விளக்கு உள்ள ஃபியூசரில் இந்தக் கணக்கு செல்லாது. குளிர்ந்திருக்கும் விளக்கின் தடை மிகக் குறைவாகவே காட்டும்.

நான் இப்போதெல்லாம் 110 மெசினைக் கண்டால் அதன் முதுகில் தடித்த மார்க்கரால் எழுதிவிட்டுத்தான் வருகிறேன். அடுத்து வருபவர் என் போட்டியாளராக இருந்தாலும் பரவாயில்லை.

டெஃப்லானை மட்டும் மாற்றுவது

ஃபியூசரின் விலையைக் கேட்டு மலைத்த வாடிக்கையாளருக்காக, டெஃப்லான் என்று நாம் சொல்லும், ஹீட்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய பிலிமை மட்டும் உதிரியாக வாங்கிப் போடும் வழக்கம் உண்டு. அதைப் பிழையென்று சொல்லமாட்டேன். 2022இல் டொலர் தட்டுப்பாட்டின்போது நானும் அப்படித்தான் பலருடைய மெசின்களை ஓட்டினேன். ஆனால் பிலிம் ஏன் கிழிந்தது என்று பாராமல் மாற்றுவது வீண். கீழிருந்து தாளை அழுத்தும் பிரஷர் ரோலர் இறுகியோ மேடுபள்ளமாகியோ இருந்தால் புதிய பிலிமையும் அது கிழிக்கும். உயர் வெப்பத்தைத் தாங்கும் கிரீஸ் பூசாமல் பூட்டினாலும் அதே கதிதான். பக்கக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 4250க்குத் தயாரிப்பாளர் சொல்லும் பராமரிப்பு இடைவெளி 225,000 பக்கங்கள். அதை நெருங்கிய மெசினுக்குப் பிலிம் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பிக்கப் ரோலரைத் தனியே வாங்குவது

தாளைத் தட்டிலிருந்து இழுக்கும் பிக்கப் ரோலரோடு, இரண்டு தாள்கள் ஒன்றாகப் போகாமல் பிரிக்கும் செபரேஷன் பேடையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் ஒன்றாகவே தேய்கின்றன.

பெட்டியில் எழுதியிருக்கும் பக்க எண்ணிக்கையை வாக்குறுதியாகக் கொடுப்பது

கறுப்பு டோனருக்கான பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ/ஐஈசி 19752 என்ற தரமுறைப்படி, ஒரு குறிப்பிட்ட சோதனைத் தாளைத் தொடர்ந்து அச்சிட்டு எடுக்கப்படுகிறது. அந்தத் தாளில் மை படியும் பரப்பு ஏறத்தாழ 5 சதவீதந்தான். நம்முடைய அலுவலகங்களிலோ சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் தலைப்பும் கட்டங்களும் நிரம்பிய படிவங்கள் அச்சாகின்றன. 05ஏ காட்ரிட்ஜுக்குச் சொல்லப்படும் 2,300 பக்கங்களை அப்படியே விலைமனுவில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் கணக்காளரின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

சிப் மாறும் என்பதை மறந்து மொத்தமாக வாங்குவது

எச்.பி.யின் சில மாடல்களில் மென்பொருள் புதுப்பிப்பு வந்த பிறகு, வேறு நிறுவனத்தின் சிப் பொருத்திய காட்ரிட்ஜை மெசின் ஏற்காமல் போகலாம். மாற்றுத் தயாரிப்பு டோனரை மலிவு என்று இருபது பெட்டிகள் வாங்கி அடுக்குமுன், ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

டிரம்மைக் கடை வாசலில் திறந்து பார்ப்பது

வேண்டாம். அச்சிட வேண்டியதன் உருவம் ஒளியால் பதியும் உருளை அது; வெளிச்சம் அதற்கு ஆகாது.

பழைய பாகத்தை அன்றைக்கே எறிவது

ஒரு வாரம் பொறுங்கள்.

பாக எண் இல்லாத பற்றுச்சீட்டு

கடைக்காரர் எவ்வளவு நெருங்கிய பழக்கமாக இருந்தாலும், பாக எண்ணையும் வோல்ட்டையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மின்பாகத்தைப் பூட்டிய பின் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பது ஊர் அறிந்த வழக்கம்; நாம் கேட்டது ஒன்று, அவர்கள் தந்தது வேறு என்று காட்டினால்தான் பேச்சுக்கே இடமுண்டு. அந்த இளைஞரின் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். "ஃபியூசர் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது.